போகாத நீலக் கோடு

போன ஜூலையில், மஸ்லின் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் ஒரு வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுன் எஸ்பிளனேட் திடலில் நின்றேன். 1805 வாக்கில் இங்கிலாந்துப் பெண்கள் உடுத்திய மாதிரிக் கவுன். தோளிலிருந்து கீழ்க்கரை வரை ஒரு தையல்கூட மிஷினில் போட்டதில்லை. படத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் "எனக்கும் சொல்லிக் குடேன்" என்கிறார்கள். எப்படித் தைப்பது என்று காட்டிக்கொடுக்க எத்தனையோ வீடியோ இருக்கிறது. எங்கெங்கே காசும் நேரமும் ஓட்டை வழியாகப் போகும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. எட்டு மாதம் ஆனது. 1,175 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவு. அதில் 726 வெள்ளி சுத்தமாக வீண். இது குத்துமதிப்பு இல்லை, நோட்டில் எழுதி வைத்த கணக்கு. பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவளிடம் இதையாவது எதிர்பார்க்கலாம் அல்லவா.

தொடங்கியது தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார்ன்வாலிஸ் கோட்டை பக்கம் நடக்கப் போனபோது பழங்கால உடையில் ஏழெட்டுப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சீனர், மலாய்க்காரர், ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தில் வந்த ஒரு செராணி அம்மா. ஏதோ படப்பிடிப்பு என்று நினைத்தேன். இல்லை, பொழுதுபோக்குதானாம். அவரவர் உடையை அவரவரே தைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கூடுவார்களாம். ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜூலை 7ஐ ஒட்டி ஒரு பெரிய நடையும் உண்டு. விதி ஒன்றுதான்: வெளியே தெரிகிற தையல் எல்லாம் கையால் போட்டதாக இருக்க வேண்டும். சிங்கர் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1851இல்தானே. எனக்குக் கை குறுகுறுத்தது. ஆரிப் பூவேலை வகுப்புக்குப் போய்க் கல்யாண ரவிக்கை நாலைந்து போட்டவள் நான். ஊசி பிடிக்கத் தெரியும், பிறகென்ன என்று நினைத்தேன். முதல் தப்பு அந்த "பிறகென்ன"தான்.

எந்தக் காலத்து உடை என்று முடிவு செய்ய வெகுநேரம் ஆகவில்லை. 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். 1805இல் பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் நான்காவது பிரசிடென்சி, அதாவது தனி நிர்வாக மாகாணம் ஆனது. அந்த வருஷம் வந்து இறங்கிய அதிகாரிகளின் மனைவிமார் உடுத்தியது மார்புக்குக் கீழேயே இடுப்பு கட்டிய வெள்ளை மஸ்லின் கவுன். அந்த மோகத்தைக் கிளப்பியது இந்தியத் துணி. டாக்கா மஸ்லின்தான் அதன் உச்சம். 1780களுக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆலைகளும் அதைப் பார்த்து நெய்ய ஆரம்பித்தன. இதையெல்லாம் அம்மாவிடம் ஆசையாகச் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தக் காலத்துல நீ இருந்திருந்தா அந்தக் கவுனைப் போட்டிருக்க மாட்டடி, தைச்சுக் குடுத்திருப்ப" என்றார். அப்போது கோபம் வந்தது.

முதலில் துணி. இணையத்தில் "நூறு விழுக்காடு பருத்தி மஸ்லின்" என்று போட்டிருந்த வெளிநாட்டுக் கடையில் 8 மீட்டர் வாங்கினேன். 260 வெள்ளி, அதோடு 26 வெள்ளி வரி. 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள் என்றால் வரி இல்லை என்ற பழைய நினைப்பில் இருந்தேன். 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அந்த மாதிரிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சரி, அது போகட்டும். பார்சலைப் பிரித்தபோதே துணி ஒரு தினுசாக வழுக்கியது. ஓரத்தில் விரல் அகலம் வெட்டி, குழாயடியில் தட்டு வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம். எனக்கு வந்தது இரண்டும் இல்லை. சுருண்டு உருகி, ஆறியதும் கடுகு மாதிரிக் கெட்டியாக நின்றது. பாலியெஸ்டர். திருப்பி அனுப்பும் செலவு துணி விலையில் பாதியைத் தொட்டதால் விட்டுவிட்டேன். இப்போது அது எங்கள் வீட்டு ஜன்னல் திரை. நான் சொல்வது இதுதான்: அரை மீட்டராவது முதலில் வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். மாதிரித் துண்டு தர மாட்டேன் என்கிற கடையில் எட்டு மீட்டர் வாங்காதீர்கள்.

கடைசியில் துணி கிடைத்தது லிட்டில் இந்தியாவில், பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு பழைய ஜவுளிக்கடையில். முன்னால் பளபளவென்று புடவைகள்; உள்ளே தட்டின் மேலே மல் என்கிற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணிக் கட்டு. "என்ன தங்கச்சி, லைனிங்குக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். கவுன் என்றேன். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல கவுனா? உள்ள இருக்கறதெல்லாம் தெரியுமே" என்றார். தெரிய வேண்டும் அண்ணே, அதுதான் அந்தக் கால நாகரிகம் என்றதும் சிரித்துக்கொண்டே அளந்தார். மீட்டர் 16 வெள்ளி, 9 மீட்டர், 144. கடல் தாண்டித் தேடியது வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷத்தில், லைனிங் துணி என்ற பெயரில் கிடந்தது. வேட்டித் துணி, மல், காடா இவற்றையெல்லாம் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கஞ்சி மொடமொடப்பு போனபிறகு எப்படித் தொங்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு மூலையை நனைத்துக் கசக்கினால் போதும்.

மேல்துணியை நன்றாக அலசிக் காயவைத்துத்தான் வெட்டினேன். உள்ளே கொடுக்கும் லினன் விலை கூடிய துணி, மீட்டர் 45 வெள்ளி, அதனால் தண்ணீரில் போட மனசு வரவில்லை. மேல்சட்டைப் பகுதியை லினன் உள்துணியோடு சேர்த்து, நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்து, ஒரு இஞ்சுக்கு எட்டுத் தையல் கணக்கில் மூன்று வாரம் தைத்தேன். தைத்து முடித்து ஒருமுறை அலசிப் போட்டேன். மறுநாள் பார்த்தால் லினன் சுருங்கி, மேலே மல் துணி கிழவி முகம் மாதிரிக் கிடக்கிறது. லினன் முதல் நனைப்பில் பத்து விழுக்காடு வரைகூட உள்ளே இழுத்துக்கொள்ளும். விலை கூடிய துணியைத்தான் முதலில் நனைக்க வேண்டும். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. பின்னால் எவ்வளவு சூட்டில் துவைப்பீர்களோ அதே சூட்டில். இரண்டு மீட்டர் போயிற்று, 90 வெள்ளி. துணியைவிட அந்த மூன்று வார இரவுகள்தான் வயிற்றெரிச்சல்.

அதோடு முடிந்ததா? உள்ளாடையை முதலில் தைக்க வேண்டும் என்பதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் லினன் உள்சட்டை, அதன்மேல் நெஞ்சைத் தூக்கிக் கட்டும் கச்சு, பாவாடை, அப்புறம்தான் கவுன். நான் சாதாரண பாடியோடு அளவெடுத்து மேல்சட்டையைத் தைத்துவிட்டு, பிறகு கச்சு தைத்தேன். போட்டால் மார்பு இரண்டு இஞ்சு மேலே போய்விட்டது. மேல்சட்டையின் இடுப்புக்கோடு நடு மார்பில் நிற்கிறது. சுருங்கிய சட்டையை எப்படியும் பிரிக்க வேண்டியிருந்ததால் இரண்டு துக்கமும் ஒன்றாகக் கழிந்தது. இரண்டாம் முறை காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம் தைத்து, கச்சின்மேல் போட்டு, கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பார்த்த பிறகே மல் துணியைத் தொட்டேன். காடா பத்து வெள்ளி ஆகியிருக்கும். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பூவேலை. பாவாடையின் கீழ்க்கரை சுற்றளவு கிட்டத்தட்ட மூன்று மீட்டர். அதில் வெள்ளைமேல் வெள்ளையாக ஒரு கொடி, இலை, நடுவில் சின்னப் பூ. பிப்ரவரி ஆகிவிட்டிருந்தது. இனி நேரம் போதாது என்று பயந்து, ரவிக்கைக்கு ஆரி ஒர்க் செய்கிற ஒரு பட்டறையில் பாதிக் கரையைக் கொடுத்தேன். படம் காட்டினேன். முன்பணம் 350 வெள்ளி. மூன்று வாரம் கழித்துப் போனால், கொடியின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கல். இலைக்கு ஜரிகை விளிம்பு. "வெள்ளையா மட்டும் போட்டா எடுப்பா இருக்காது அக்கா, அதான் நாங்களே கொஞ்சம் சேர்த்தோம்" என்றான் அந்தத் தம்பி, பெருமையாக. அவனைத் திட்ட வாய் வரவில்லை. எடுப்பாகத்தான் இருந்தது. முகூர்த்தப் புடவைக்குப் போடலாம். பணத்தைக் கேட்டேன், வேலை முடிந்துவிட்டதே என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நான் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. வெளியே கொடுக்கிறவர்கள் ஒரு சாண் அளவு நீங்களே தைத்து மாதிரியாகக் கொடுங்கள். "வெள்ளைப் பருத்தி நூல் மட்டும், ஜரிகை வேண்டாம், கல் வேண்டாம்" என்று தாளில் எழுதி அவர்கள் கையெழுத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மீட்டரைப் பார்க்காமல் மிச்சப் பணம் தராதீர்கள். இன்னொன்று, நூலையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆரிக் கடைகளில் சில்க் திரட் என்று விற்பது பெரும்பாலும் ரேயான். அந்த மினுமினுப்பு இந்தக் கவுனுக்கு ஆகாது.

ஆக அந்தக் கரையையே வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருந்த துணியில் புதுக் கரை ஒட்டி, நானே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் சுவாரஸ்யமே. 1800ஆம் ஆண்டு வாக்கில் மஸ்லின் கவுன்களில் பூவேலையைப் பெரும்பாலும் தம்பூர் என்ற முறையில் போட்டார்கள் என்று படித்திருந்தேன். பிரெஞ்சில் தம்பூர் என்றால் மேளம். மேளத்தோல் மாதிரி இறுக்கிக் கட்டிய துணியில், கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இருக்கிற நூலை வளையமாக மேலே இழுத்துச் சங்கிலி போடுவது. படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினேன். இது ஆரிதானே? வேறொன்றும் இல்லையே? குஜராத்தில் தோல் தைக்கும் மோச்சிகளின் கொக்கி ஊசி. ஐரோப்பாவுக்கு இந்த வேலை ஆசியாவிலிருந்து போய் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீமாட்டிகளின் பொழுதுபோக்காகியிருக்கிறது. நான் பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை வகுப்பில், ஃபெரி ஏறிப் போய்க் கற்றுக்கொண்ட அதே கை. அம்மா சொன்னது அப்போதுதான் வேறு மாதிரி காதில் விழுந்தது.

ஆனால் மல் துணியில் ஆரி போடுவது ரவிக்கைத் துணியில் போடுவது போல் இல்லை. வழக்கமான ஊசி மல்லில் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை போட்டுவிடும். கிடைக்கிறதிலேயே மெல்லிய ஊசி வேண்டும், நூலும் ஒற்றை இழை. துணியை மாட்டி இறுக்கும் வளையத்தை அதிகம் இறுக்கினால் இழைகள் விலகிச் சல்லடை ஆகும், தளர விட்டால் கொக்கி துணியையே கவ்வி இழுக்கும். வளையத்துக்கு வெள்ளைத் துணி நாடா சுற்றிக்கொண்டால் பிடியும் இருக்கும், மடிப்பும் விழாது. நான் சுற்றவில்லை. இந்த ஒரு சோம்பேறித்தனம்தான் பெரிய வினைக்கு வழி விட்டது.

கோலத்தைத் துணியில் வரைய, தண்ணீர் பட்டால் மறையும் நீலப் பேனா வாங்கியிருந்தேன். ரவிக்கைக்கு அதைத்தான் உபயோகித்துப் பழக்கம். மூன்று மீட்டர் கொடியையும் ஒரே நாளில் அதில் வரைந்தேன். தினமும் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒன்றரை மணி நேரம், வாரத்துக்குக் கால் மீட்டர் நகரும். வாரக் கடைசியில் வளையத்தின் மடிப்பு அசிங்கமாகத் தெரியும். ஒரு தடவை அயர்ன் பண்ணிவிடுவேன். அடுத்த வாரமும் அதே. இப்படிப் பதினொரு வாரம். மே மாதக் கடைசியில் பூவேலை முடிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, பேசினில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கரையை முக்கினேன். கோடு மங்கியது. எடுத்துப் பிழிந்தேன். காய்ந்ததும் திரும்பி வந்தது, இன்னும் பளிச்சென்று. மறுபடி முக்கினேன், இரவு முழுக்க ஊறவைத்தேன். போகவில்லை. அந்தப் பேனாவின் உறையிலேயே பொடி எழுத்தில் இருந்தது: அழிக்கும் முன் சூடு காட்டக் கூடாது. சூடு பட்டால் மை நூலோடு ஒட்டிவிடும். நான் பதினொரு தடவை தேய்த்திருக்கிறேன். பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாற்பத்தொரு வயதில், ஒரு பேனாக் கோட்டுக்காக. அம்மா ஒன்றும் சொல்லாமல் மைலோ போட்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பேனாக்களில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். நீலப் பேனாவுக்குச் சூடு எதிரி. அயர்ன் வேண்டாம், வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் வைக்க வேண்டாம், சோப்பும் வேண்டாம். முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் முழுசாக முக்கி மையை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். துளி துளியாகத் தொட்டால் மை பக்கத்துக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். இன்னொரு வகை சூடு காட்டினால் மறைவது. அது குளிரில் திரும்பி வரும். நம் ஊர்க் குளிருக்கு வராது, ஆனால் விமானத்தில் பெட்டிக்குள் போகிற உடை என்றால் யோசியுங்கள்.

வகுப்பெடுத்த அக்காவுக்குப் போன் போட்டேன். "நீலப் பேனாவா? மூணு மீட்டருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. மறு சனிக்கிழமை வரச் சொன்னார். போனதும் டிரேசிங் தாளில் ஒரு கொடியை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தினார். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடி குழைத்து, பஞ்சில் தொட்டு ஒரு இழுப்பு. தாளை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாகக் கொடி. மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், பொடி தட்டினால் போய்விடும். வெள்ளைத் துணிக்கு வெள்ளைப் பொடிக்குப் பதில் துளி நீலம் சேர்ப்பார்களாம். "இதை ஏன்க்கா வகுப்பில் சொல்லலை?" என்றேன். "எல்லாரும் பேனாதானம்மா கேக்கறீங்க" என்றார். ஐரோப்பாவிலும் அப்போது இதையேதான் செய்தார்கள், மண்ணெண்ணெய்க்குப் பதில் கரித்தூளோ சுண்ணாம்புத்தூளோ. நீங்கள் செய்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

கோட்டைப் போக்க அக்கா வழி சொல்லவில்லை, மூடத்தான் வழி சொன்னார். தெரிகிற கோட்டின்மேலேயே இன்னொரு சங்கிலி. சில இடத்தில் இலையை அகலமாக்கு, சில இடத்தில் மொட்டு சேர். சங்கிலித் தையலில் ஒரு சௌகரியம்: முடிச்சைத் தளர்த்திச் சரியான முனையை இழுத்தால் வரிசை முழுக்கச் சரசரவென்று வந்துவிடும், துணிக்குச் சேதம் இல்லை. அதனால் தைரியமாகப் பிரித்துப் பிரித்துப் போட்டேன். அதே காரணத்தால், போட்டு முடித்த ஒவ்வொரு வரிசையின் முனையையும் இரட்டை முடிச்சுப் போட்டு அடியில் மடக்கிவிடுங்கள். ஒரு முனை கொலுசில் மாட்டினால் ஒரு சாண் பூ போய்விடும். நடைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தேன். என்ன நோய் என்று கேட்காதீர்கள்.

இடையில் இந்த ஊர் ஈரமும் தன் பங்கைக் கேட்டது. முடித்த மேல்சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். குண்டூசிகளோடு. பத்து நாளில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு துருப்பொட்டு, அக்குளில் சாம்பல் நிறப் பூசணம். துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்ததில் முக்கால்வாசி போனது. பிளாஸ்டிக்கில் சுற்றவே சுற்றாதீர்கள். பழைய பருத்தி வேட்டி போதும். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வையுங்கள். குண்டூசி பித்தளையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அந்தக் காலத்துக்கும் அதுதான் பொருத்தம்.

நடைக்கு முந்தின இரவு ஒரு மணிக்குக் கடைசி முடிச்சு. மொத்தம் 410 மணி நேரம். பிரித்ததும் திரும்பப் போட்டதும் மட்டும் அதில் 130. காலையில் அம்மாதான் முதுகில் நாடா கட்டிவிட்டார். "கச்சு இறுக்குதா?" என்றார். இறுக்கியது. ஆனால் லினனும் மல்லும் பினாங்கு வெயிலுக்கு ஜீன்ஸைவிட எவ்வளவோ மேல், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வழியாக நடந்தபோது பூக்கடை ஆச்சி ஒருவர் என்னை நிறுத்தினார். உடையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். 1805, பிரசிடென்சி, மஸ்லின். ஆச்சி அதையெல்லாம் கேட்கவில்லை. குனிந்து கரையைக் கையில் எடுத்து, திருப்பி, அடிப்பக்கம் பார்த்தார். "கைவேலை. முடிச்செல்லாம் சுத்தமா இருக்கு" என்றவர், கட்டைவிரலால் ஓரிடத்தைத் தடவிவிட்டு, "இங்க என்ன, மை கொட்டிடுச்சா?" என்றார்.

இடது பக்கம், பின்மடிப்புக்குப் பக்கத்தில், நாலு விரல் நீளத்துக்கு மூடாத கோடு இன்னும் இருக்கிறது. படம் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்கிறேன்.